முதல் லீற்றர்

பெற்ற மகள் நிற்கிறாள் என்றும் பாராமல், ஒஸ்வால்ட் தன் ஓட்டோவை பெற்றோல் செட் வரிசையில் குறுக்கே கொண்டுவந்து செருகினார்.

றொசானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னேரம் இரத்மலானையில் மோட்டார் சைக்கிள் ரேஸ். கொட்டாஞ்சேனையில் அவர்கள் தெருவிலிருந்து ரேஸ் ஓடப்போகும் முதல் பெண் அவள். தெருவே பெருமைப்பட்டது, அப்பாவைத் தவிர. "பொம்பிளப் பிள்ளைக்கு ரேஸ் கேக்குதோ?" என்று கத்தியவர், அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

பழைய பெற்றோலை வடித்துவிட்டு, வெறும் டாங்கோடு பைக்கைத் தள்ளிக்கொண்டு செட்டுக்கு வந்திருந்தாள். அந்த எஞ்சினுக்கு ஒக்டேன் 95 பெற்றோல்தான் ஒத்துக்கொள்ளும். 92 கலந்தால் ரேஸில் காலை வாரிவிடும்.

இந்தச் செட்டில் இரண்டுக்கும் ஒரே ஹோஸ். சற்று முன்புதான் ஒரு வேன் 92 அடித்துக்கொண்டு போயிருந்தது; குழாய்க்குள் அதன் மிச்சம் ஒரு லீற்றர் நின்றது.

"நிஸாம் நானா, ஹோஸில நிக்கிற 92ஐ ஒரு கேனில விட்டுட்டு எனக்கு அடிங்க" என்றாள், பம்பில் நின்ற நிஸாமிடம்.

"கேனுக்கு அடிக்க ஏலா தங்கச்சி, முதலாளி ஏசுவாரு. ஒரு லீற்றர் கலந்தா என்ன?"

"நான் அடிக்கிறதே மூணு லீற்றர்!"

இந்த வாக்குவாதத்துக்கு நடுவில்தான் ஓட்டோ நுழைந்தது.

"அப்பா, நான்தான் முதல்ல வந்தேன்!"

அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "நிஸாம், 95 அடி. ரெண்டு லீற்றர்."

"ஓட்டோவுக்கு விலை கூடின 95ஆ? லொத்தர் விழுந்திச்சா அங்கிள்?"

"என்ட சல்லிதானே. நீ அடி."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். றொசானாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் பிந்திப் போகணும், தோக்கணும். அதுதானே உங்களுக்கு வேணும்?"

இரண்டு லீற்றரும் ஏறியதும் ஒஸ்வால்ட் காசைக் கொடுத்தார். டாங்க் மூடியை நிதானமாகத் திருகினார். ஓட்டோவை ஒதுக்கி, அவள் பைக்குக்கு வழி விட்டார்.

பிறகு வரிசைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஹோஸில நின்ட 92 என்ட ஓட்டோக்குள்ள போயிட்டு. இனி வாறது சுத்தமான 95. என்ட மகளுக்கு அடி நிஸாம், அவ இன்டைக்கு ரேஸ் ஓடுறா!"