மோனோ போதும்

"மோனோவா?"

ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு ஆன்சன் சிரித்தான்.

ஆரணி பக்கம் சேவூரில் தன் வீட்டு மாடி அறையையே ஸ்டுடியோ ஆக்கி வைத்திருப்பவன். எதிரே டவுன் பஸ் கண்டக்டர் தென்னரசு. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மனைவிக்குக் கொடுப்பதற்காகத் தானே ஒரு பாட்டு எழுதி, தானே பாடி, இப்போதுதான் ரெக்கார்டிங் முடிந்திருந்தது.

"இன்னாண்ணா, தெரிஞ்சுதான் கேக்கறீங்களா? ஸ்டீரியோன்னா கீபோர்டு ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம், உங்க குரல் நடுவுல. மோனோன்னா எல்லாத்தையும் ஒரே குண்டான்ல கொட்டிக் கிளறுறது."

"பரவாயில்ல தம்பி. மோனோவே குடுத்துடுங்க."

"ஏன், அண்ணி ஒரு காதை மூடிகினுதான் பாட்டு கேப்பாங்களா?"

அடுத்த ரெக்கார்டிங்குக்குக் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தென்னரசு பென் டிரைவைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"சரி, எம்பி த்ரீ வேணாம், வேவ் ஃபைலாவது வாங்கிக்கோங்க. சைஸ் பெருசு, ஆனா சத்தம் சுத்தமா இருக்கும்."

"சரிங்க தம்பி, வேவே குடுங்க. ஆனா மோனோவுல."

"வேவுல மோனோ!" ஆன்சன் தலையில் அடித்துக்கொண்டான். "பட்டுப்புடவை எடுத்துட்டு, முந்தானைய மட்டும் வெட்டிக் குடுன்னு கேக்கற மாதிரி இருக்குது."

மறுபடியும் சிரிப்பு.

"டிக்கெட் கிழிக்கிறவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது?" என்றான் காத்திருந்தவர்களைப் பார்த்து. "இந்த மாசத்துல இவரு ஆறாவது ஆளு. வர்றவன் எல்லாம் மோனோ, மோனோன்னுகினு. ஆரணிக்காரனுக்கு ரசனையே கிடையாதுய்யா. பேஜாரு!"

சில்லறைக்காகத் தினமும் பஸ்ஸில் கேட்காத பேச்சா? ஆனாலும் தன் பாட்டை வைத்துக்கொண்டு கேட்டது தென்னரசுவுக்குச் சுட்டது.

ஆன்சன் ஃபைலை ஏற்றி, பென் டிரைவை மேஜைமேல் தூக்கிப் போட்டான்.

"ஒரே ஒரு உதவிண்ணா. இது என் ஸ்டுடியோவுல மிக்ஸ் பண்ணதுன்னு வெளிய சொல்லிடாதீங்க. மானம் போயிடும்."

தென்னரசு படியிறங்கி கேட்டைத் திறக்கும்போது, பின்னாலேயே ஓடிவந்தாள் ஆன்சனின் மனைவி ஹெப்சிபா.

"ரொம்பப் பேசிட்டாராண்ணா?"

"பேசினது கெடக்கட்டும்மா. நேத்து நீ போன் பண்ணி அவ்ளோ கெஞ்சினதாலதான் மோனோ கேட்டேன். இல்லன்னா எனக்கு ஸ்டீரியோ மேலதான் ஆசை. ஆமா, நான் ஆறாவது ஆளாமே? எல்லாரையும் நீதான் இப்படிக் கேக்க வெக்கிறியா?"

அவள் தலையாட்டினாள்.

"இன்னாத்துக்கும்மா?"

ஹெப்சிபா மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஸ்டீரியோவுல போட்டா, வலது பக்கம் மட்டும் கன்னாபின்னான்னு அலறுதுண்ணா. அவருக்கு அது தெரியறதில்ல. ரெண்டு பேரு திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. அவரு கண்ணுல படாம நானே கால்ல விழாத குறையா பேசி அனுப்பினேன். மோனோன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்துடுதுல்ல?"

"அவருக்கு ஏன் தெரியறதில்ல?"

"போன வருஷம் பொன்னுக்கு வீங்கி வந்துதே, அதுல வலது காது சுத்தமா போயிடுச்சுண்ணா. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிகினு இருக்காரு, எனக்கும் சேர்த்து."