ஸ்ட்ராங் ஃபீவர்

"கலியபெருமாள், இது இன்னாய்யா ஸ்ட்ராங் ஃபீவர்? ஸ்ட்ராங்கா இருக்கறது காபி. காய்ச்சல்னா ஹை. போய் வேற எழுதிக்கினு வா."

தாலுகா ஆபீஸ் தலைமை குமாஸ்தா தேவநாதன் லீவு லெட்டரை டிராயருக்குள் போட்டார்.

செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. தேவநாதனின் மேஜையைத் தாண்டித் தப்பான இங்கிலீஷைக் கொண்டுபோனவர்கள் கிடையாது.

கலியபெருமாளின் மனைவி தைலம்மாளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். பஸ் ஸ்டாண்டில் அக்காள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் பதினொன்றரை பஸ். இப்போது மணி பத்தேகால்.

இரண்டாவது லெட்டரில் கலியபெருமாள் வீட்டு நிலைமையையும் சேர்த்தார். பெருக்கக்கூட ஆளில்லை, வீடு 'வெரி டர்ட்டி'. அழுக்கு வேறு, அலங்கோலம் வேறு. அலங்கோலத்துக்கு 'இன் எ மெஸ்' என்றுதான் எழுத வேண்டும் என்றார் தேவநாதன். அதுவும் டிராயருக்குள் போயிற்று.

மூன்றாவதில் மனசில் ஒரே 'அன்ரெஸ்ட்' என்று எழுதியிருந்தார்.

"அன்ரெஸ்ட் ஊருக்கு வரும்யா, உனக்கு வராது. நாலு பஸ் மேல கல்லு விழுந்தா அன்ரெஸ்ட். நீ வெறும் வொர்ரீட்."

தண்ணீர்ப் பானையருகே நின்ற பியூன் வீராசாமி முணுமுணுத்தார். "பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா இவருக்கு ஒண்ணுமில்ல. இங்கிலீசுக்குக் காய்ச்சல்னா துடிச்சிப் பூடுறாரு."

தேவநாதன் காதில் விழுந்திருக்கும். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது லெட்டரில் தப்பே இல்லை. கலியபெருமாள் அதோடு எழுந்தபோது மணி பதினொன்று பத்து. வாசலில் ஜீப் உறுமியது. பக்கத்து அறை அதிகாரி பனமலைக்குக் கேம்ப் கிளம்பிவிட்டார். அவர் கேம்ப் போனால் தேவநாதன்தான் இன்சார்ஜ்.

ஜீப் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, தேவநாதன் டிராயரைத் திறந்தார். முதல் லெட்டரை எடுத்து, சாங்ஷன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கலியபெருமாள் நாலாவதை நீட்டியபடியே நின்றார்.

"சார், அதுல ஸ்ட்ராங் ஃபீவர்னு இருக்குது."

"இருக்கட்டும். தப்பில்லாத லெட்டரை நான் உடனே உள்ள அதிகாரிக்கு அனுப்பணும். ஜமாபந்தி கணக்குத் தணிக்கை முடியறவரைக்கும் லீவே கிடையாதுன்னு, காலையில உள்ள போன ரெண்டு லெட்டரைக் கிழிச்சிப் போட்டுட்டாரு. ஓடுய்யா, பஸ் பூடும்."