கோணி குத்தும்

“அண்ணா, துளிர் வுட்டிருக்குண்ணா!”

அமிர்தவள்ளி கத்திய கத்தலில் குடத்தை நழுவ விட்டுவிட்டேன். நல்லவேளை, பித்தளைக் குடம்.

ஓடிப்போய் நின்றேன். மாங்கன்றின் உச்சியில் செக்கச்செவேலென்று நாலு இலை. அவள் மண்ணில் முட்டி போட்டு, அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

கருகின இலையெல்லாம் எங்கே என்று கேட்டாள். நான்தான் கிள்ளிப் போட்டேன் என்றேன்.

எட்டு நாள் கழித்து அன்றைக்குத்தான் அவளைத் தோப்புக்குள் விட்டிருந்தேன்.

போன வருஷம் பாலாறு ஆம்பூருக்குள் வந்தபோது எங்கள் தெருவில் மட்டும் நாற்பத்தொரு பேர் போனார்கள். பாதிப் பேருக்கு உடம்பே கிடைக்கவில்லை. புதைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. உட்கார்ந்து அழ ஓர் இடம் வேண்டாமா? தோல் கிடங்கு அப்துல் கரீம் சாயபு மேட்டு நிலத்தில் ஒரு துண்டு கொடுத்தார். விரிஞ்சிபுரத்திலிருந்து வண்டியில் கன்று வந்தது. செத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு மாங்கன்று, துலுக்கர் கிறிஸ்துவர் என்ற பேதமில்லாமல் வரிசையாக. தண்ணீர் ஊற்றுவது கன்னியப்பன், அதாவது நான்.

அமிர்தவள்ளிக்கு மூன்று வயதுப் பையன். கூரைக் கழியை ஒரு கையிலும் அவனை ஒரு கையிலும் பிடித்திருந்தாளாம். பிள்ளையைப் பிடித்த கைதான் நழுவியது. அன்றிலிருந்து அவள் வலது கையால் சோறு தின்பதில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை.

மற்றவர்களுடைய கன்றெல்லாம் தழைத்தது. இவள் பிள்ளையுடையது மட்டும் நுனி கருகிச் செத்தது. இன்னொன்று வைத்தோம், அதுவும் செத்தது. வண்டியில் வந்ததில் மிஞ்சியிருந்த கடைசிக் கன்றை மூன்றாவதாக வைத்தோம். அதுவும் ஓரம் கருக ஆரம்பித்தது.

“எல்லாம் என் கை ராசிண்ணா. இதுவும் போச்சுன்னா நான் இன்னாத்துக்கு இருக்கணும்? ஊர்ல கிணத்துக்கா பஞ்சம்?” என்றாள்.

சும்மா மிரட்டுகிற பெண் இல்லை.

குழி ஓரத்தில் மண் வெள்ளை பூத்திருப்பதை அப்புறம்தான் பார்த்தேன். கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு.

கிடங்கில் அவளுக்கு உப்புத் தோலைச் சுமந்து உதறுகிற வேலை. தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டுதான் சுமப்பாள். பொழுது சாய்ந்ததும் நேரே இங்கே வந்து, அதே கோணியைக் கன்றின் அடியில் போர்த்திவிட்டுப் போவாள். காலையில் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொள்வாள். தண்ணியிலேயே கிடந்த பிள்ளை, அவனுக்குக் குளிரும் என்பாள். அட மடையா, நானும் தினம் விடிகாலையில் உப்பேறிய அந்தக் கோணி மேலேயே குடம் குடமாக ஊற்றினேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கன்றுகளையும் அவள் கைதான் கொன்றது என்று ஆகிவிடும்.

ஒரு புளுகு புளுகினேன். “கண்ணு பட்டிருக்கு அமிர்தம். எட்டு நாளைக்கு இந்தப் பக்கம் தலை வச்சிப் படுக்காத.”

அந்த எட்டு நாளில் உப்பேறிய மண்ணை இடுப்பளவு தோண்டி எடுத்து, தூரக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஆற்று வண்டலை அள்ளி வந்து குழியை நிரப்பினேன். கேட்டவர்களிடம் வேரில் பூச்சி என்றேன்.

இப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த கோணியை உருவினாள்.

“கோணி குத்தும்மா. புள்ளைக்கு மெத்துன்னு வேணாமா?” என்று தோளில் கிடந்த என் துப்பட்டியை நீட்டினேன்.

கோணியைத் தடவிப் பார்த்தாள். “ஆமாண்ணா, குத்துது” என்றாள். இத்தனை நாள் குத்தியிருக்குமே என்று அதற்கும் அழுதாள். பிறகு துப்பட்டியை வாங்கி நாலாக மடித்து, கன்றைச் சுற்றிப் போர்த்தினாள்.

“அவன் என்னை மன்னிச்சிட்டாண்ணா.”

ஆமாம்மா என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் அப்போதுதான் அக்கம்பக்கம் பார்த்தாள். அடுத்த வரிசையில் ஒரு குழி காலியாகக் கிடந்தது.

“பூவம்மாக்கா கன்னு எங்கண்ணா?”

பூவம்மாள் என் பெண்டாட்டி. இவள் பிள்ளை போன அதே வெள்ளத்தில் போனவள். அவள் உடம்பும் கிடைக்கவில்லை. எனக்கு அவள் என்று இருந்தது அந்தக் கன்று ஒன்றுதான்.

“ஆடு மேய்ஞ்சிடுச்சி. மொட்டக் குச்சியப் புடுங்கிப் போட்டேன்” என்றேன்.

“ஆடா? நீ இன்னா மனுசன்ணா! ஊரார் கன்னுக்கெல்லாம் தண்ணி ஊத்துற, கட்டுனவ கன்ன ஆட்டுக்கு வுட்டுட்டு மரமாட்டம் நிக்கிறியே! வெக்கமா இல்ல?”

ஒரு வருஷமாக முனகிக்கொண்டிருந்த வாய் அது. அன்றைக்கு என்னை வாயார வைதது. வையட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வைதுகொண்டே அவள் மறுபடி குனிந்து, அந்தத் துளிரைத் தடவிக் கொடுத்தாள்.

அவள் பிள்ளையின் கன்று அந்த எட்டு நாளில் மூன்றாம் நாளே செத்துவிட்டது. அவள் தடவிக்கொண்டிருந்தது என் பூவம்மாளை.