கிழக்கு ஓரத்துச் சரளை

கிழக்கே பதினைந்து மீட்டராவது விட்டுத்தான் தோண்ட வேண்டும். ஏன் என்று மட்டும் இவர் கேட்டுவிடக் கூடாது என்று செண்பகம் நினைத்துக்கொண்டாள்.

பண்பொழியில் இருக்கும் அவள் நிலத்தில் சரளைக் குழிக்கு வரைபடம் போட வந்த சலீம் கேட்டேவிட்டார்.

“சட்டத்துக்கு ஏழரை மீட்டர் போதும்க்கா. நல்ல சரளை பூரா அந்த ஓரத்துலதான் கெடக்கு. பக்கத்துக்காரர் கேசு போடுவாருன்னு பயப்படுதியளா?”

“அப்படியே வச்சுக்கோங்க.”

அந்தப் பக்கத்துக்காரரே வரப்பைத் தாண்டி வந்தார். விஜயசங்கர் கையில் ஒரு தாள் இருந்தது.

“ஏழரை மீட்டர் விட்டாப் போதும். என் கிணறு சரிஞ்சாலும் கேசு போட மாட்டேன்னு எழுதியிருக்கேன். நீயும் ஒரு கையெழுத்துப் போடு” என்று செண்பகத்திடம் நீட்டினார்.

“எனக்கும் ஒரு பக்கத்துக்காரன் இருக்கானே, இப்படி எழுதித் தருவானா?” என்று சிரித்த சலீம், பட்டாக்களைப் புரட்டினார். “ரெண்டு நிலமும் போன வருசம் ஒரே நாள்ல பிரிஞ்சிருக்கு. அண்ணன் தங்கச்சியா?”

விஜயசங்கர் தரையைப் பார்த்தார்.

“புருசன் பொண்டாட்டியா இருந்தோம். கோர்ட்டுல பிரிச்சு விட்டாங்க” என்றாள் செண்பகம்.

சலீம் டேப்பைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்.

“போடு செண்பகம். எம்புட்டோ லோடு கூட வரும். ஒனக்கு ஆவும்.” விஜயசங்கர் பேனாவையும் நீட்டினார்.

அவள் தாளை மட்டும் வாங்கி, மடித்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

“கிணறு போச்சுன்னா நீங்க நிலத்த வித்துட்டுப் போயிருவிய” என்றாள் மெதுவாக.