வாடகைத் தேவதை

இறக்கைகள் வெளிர்நீலமா பச்சையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவை கம்பியில் இழுத்துக் கட்டிய நைலான் காலுறைகள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஓரிடத்தில் இழை விட்டிருந்தது. அது மேலும் ஓடாமலிருக்க நகப்பூச்சு தடவியிருந்தது.

நான் லினியா வீட்டு நடையில், பிள்ளைகளின் ஈர பூட்ஸ்களுக்கு நடுவே நின்றிருந்தேன். கனடாவின் வினிபெக்கில் அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை. உள்ளே ஹாலோவீன் விருந்து. லினியாவின் வகுப்பில் படிக்கும் என் மகள் டெஸ்ஸாவை அழைத்துப்போகச் சீக்கிரமே வந்துவிட்டேன்.

கூடத்தில், அட்டையில் செய்த காளான்களுக்கு நடுவே தேவதை மண்டியிட்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கனத்த உடம்பு. ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கோலை வைத்து மினுமினுக்கும் தூளைத் தூவினாள்.

"மெதுவாக் குதிங்கடா. தேவதைக்கு முட்டி வலி. பறந்து பறந்து தேஞ்சுபோச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

அப்போதுதான் டெஸ்ஸா சொன்னாள். "ஐய, இது ஸ்டாக்கிங்ஸ். எங்கம்மாகிட்ட கூட இருக்கு. கால்ல போடுறதை முதுகுல மாட்டிக்கிட்டு வந்திருக்காங்க."

மறுபடியும் சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஒரு சிறுமி லினியாவின் காதருகே போய்க் கேட்டாள். "யாருடி இவங்க?"

லினியா அந்தப் பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வகுப்புப் பிள்ளைகள் அவள் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தெரியாது. வாடகைக்கு வரவழைச்சோம். அம்மா வேலைக்குப் போயிருக்காங்க."

தேவதையின் கோல் ஒரு பையனின் தலைக்கு மேலே நின்றது. பிறகு மெல்ல இறங்கி அவனைத் தொட்டது.

விருந்து முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி சின்ன இறக்கை கிடைத்தது. தடித்த குளிர் ஜாக்கெட்டுக்கு மேலேயே மாட்டும்படி எலாஸ்டிக்கை நீளமாக விட்டுத் தைத்திருந்தது. தேவதையே ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட்டாள். டெஸ்ஸாவுக்கும்தான்.

பிறகு, "என் நேரம் முடிஞ்சுது செல்லங்களா" என்று சொல்லி, கவுனைப் பிடித்துக் குனிந்து வணங்கி, வாசல் கதவைத் திறந்தாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"கோட்டு எடுக்கலையா?" என்றேன்.

"வண்டியில இருக்கு."

மெல்லிய கவுனோடு படியிறங்கிப் போனாள்.

மற்ற பெற்றோர்கள் வந்தார்கள், பிள்ளைகளோடு கிளம்பினார்கள். நான் கிளம்பவில்லை. பத்து வயதுப் பெண்ணை இருட்டுகிற நேரத்தில் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

"உங்கம்மா வர்ற வரைக்கும் நாங்க இருக்கோம்" என்றேன்.

"வேண்டாம். இப்ப வந்துடுவாங்க. நீங்க போங்க."

"அதனால என்ன, இருக்கோம்."

சோபாவில் உட்கார்ந்தேன். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. ஒன்றிரண்டு குறுஞ்செய்திகள், அவ்வளவுதான் பழக்கம். ஊர்ப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறவள் எப்படிப்பட்டவள் என்று யோசித்தேன். அவளுக்கு என்ன எழுதுவது என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கினேன். கடுமையாக இருக்கக் கூடாது, ஆனால் உறைக்க வேண்டும்.

மேசையில் கப்கேக் மீதமிருந்தது. ஒன்று எடுத்துத் தின்றேன். நன்றாக இருந்தது. இன்னொன்றும் தின்றேன்.

லினியா ஜன்னலுக்கும் நடைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். எங்கள் பூட்ஸ்களைக் கொண்டுவந்து, முனைகள் வாசலைப் பார்க்கும்படி எங்கள் முன்னால் வைத்தாள். நான் அதைக் கவனித்தும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அவள் நடைக்குப் போய், கொக்கியில் தொங்கிய ஒரு பெரிய சாம்பல்நிறக் கோட்டை எடுத்துவந்தாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"நீங்க போனாத்தான் அம்மா உள்ள வர முடியும்" என்றாள். "இதை அவங்ககிட்ட குடுத்துடுங்க."

டெஸ்ஸா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

இரண்டு வீடு தள்ளி, ஒரு ஊசியிலை மரத்தின் பின்னால் அவர் நின்றிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு. இறக்கைகளில் பனி ஏறியிருந்தது. கோட்டை வாங்கினார். இறக்கை இருந்ததால் கையை நுழைக்க முடியவில்லை. தோளில் போர்த்திக்கொண்டார்.

"ரொம்ப நல்ல மனுஷன் நீங்க" என்றார். பற்கள் கிடுகிடுத்தன. "இல்லேன்னா எப்பவோ உள்ள போயிருப்பேன்."

திங்கட்கிழமை டெஸ்ஸா பள்ளியில் ஒரு கதை சொன்னாளாம். அந்தத் தேவதையைத் தன் பிறந்தநாளுக்கும் கேட்டுப் பார்த்ததாகவும், ஆறு மாதத்துக்கு அவளுக்கு நேரமே இல்லை என்று சொல்லிவிட்டதாகவும். நான் அப்படி எதுவும் கேட்கச் சொல்லவில்லை. அவளிடம் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

மறு கோடையில் அவர்கள் பிராண்டனுக்குக் குடிபோனார்கள். வருடங்கள் ஓடிவிட்டன. லினியாவின் அம்மா அங்கே ஒரு ரொட்டிக்கடையில் இருக்கிறார். லினியா பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறாள். டெஸ்ஸாவுக்கு ஒரு மகன். அன்று அவளுக்குக் கிடைத்த சின்ன இறக்கைகள் எங்கள் நிலவறையில் ஓர் ஆணியில் தொங்குகின்றன. நான் எந்த விருந்துக்குப் போனாலும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறேன்.