முன்பக்கக் கண்ணாடி

அவளுடைய வலது கை தோள்வரை உப்புத் தண்ணீருக்குள் இருந்தது.

கடல்மீன் தொட்டியின் மூன்று பக்கத்தையும் சுரண்டிவிட்டாள். முன்பக்கக் கண்ணாடிதான் பாக்கி. அங்கே பாசி ஓர் அங்குலம் வளர்ந்து தலைமுடி மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

பத்து மணிக்குக் கட்டுப் பிரிப்பு.

மற்ற கண் ஆஸ்பத்திரிகளில் அதை வார்டிலேயே முடித்துவிடுவார்கள். இங்கே நிறுவனர் டாக்டர் தயாளராஜன், வரவேற்பறையில் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, தம் கையாலேயே பிரிப்பார். போட்டோகிராபர் உண்டு. பார்வை பெற்றவர் முதலில் காண்பது சமுத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒரு சிற்றுரையும் உண்டு.

நேற்று கட்டுப் பிரிந்ததும், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் எதிரே பார்த்தார். எல்லாம் பச்சையாக, மங்கலாக இருந்தது. ஆபரேஷன் ஊற்றிக்கொண்டது என்று அழ ஆரம்பித்துவிட்டார். கோளாறு கண்ணில் இல்லை, தொட்டியில்தான் என்று புரியவைப்பதற்குள் டாக்டருக்கு வேர்த்துவிட்டது.

நாளை ஒரு பொட்டுப் பச்சை தெரிந்தாலும் வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

சுரண்டியைக் கண்ணாடியில் வைத்தாள்.

அவள் துடைத்த பக்கம் வழியாக ஜன்னல் வெயில் உள்ளே வந்தது.

பாசி மூச்சுவிட்டது.

ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு குமிழி. கடுகளவு. வெள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருத்து, கழன்று, மேலே போனது. பின்னால் இன்னொன்று. நூறு. கணக்கில்லை.

நான்கு மாதமாக இதைத்தான் வாரிக் கொட்டியிருக்கிறாள்.

கை அசைய மறுத்தது.

காலடிச் சத்தம். டாக்டர், போட்டோகிராபர், நடுவில் கைத்தாங்கலாக லாரி டிரைவர் சீனிச்சாமி.

டாக்டர் பச்சையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கேமரா இருந்ததால் சிரித்தபடியே பார்த்தார்.

கட்டு பிரிந்தது.

சீனிச்சாமி கண்ணைச் சிமிட்டினார். திறந்த வாய் மூடவில்லை. அது வெறும் தொட்டி அழுக்கு, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் அவசரமாக ஆரம்பித்தார்.

சீனிச்சாமி அவரைக் கையமர்த்தினார்.

அந்த ஆஸ்பத்திரியில் யாரும் டாக்டரைக் கையமர்த்தியதில்லை.

"இது எந்த ஊரு தாயி?"

ஏறும் குமிழிகளைக் காட்டி அவளிடம்தான் கேட்டார்.

டாக்டர் குனிந்தார். பிறகு முட்டி போட்டார். மூக்கு கண்ணாடியில் பட்டது.

சார், இந்தப் பக்கம் பாருங்கள் என்று போட்டோகிராபர் இரண்டு தடவை சொன்னார்.

அவர் திரும்பவில்லை.

"கையை எடும்மா," என்றார், தணிந்த குரலில். "மறைக்குது."