இசைத்தட்டின் உறையில் இருந்தவன்

"ட்ரம்பெட் ஊதுறது நீயா தம்பி? கன்னத்தைப் பாத்தாலே தெரியுதே, தவளை மாதிரி!" என்று சிரித்தார் ஒபதியா.

சைலஸும் சிரித்தான். முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் கொண்டுவந்த இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஒபதியா இளம் வயதில் எழுதிய, துயரம் ததும்பும் ப்ளூஸ் பாடல்களை மட்டுமே வைத்து அவன் செய்த ஜாஸ் ஆல்பம். அவர் கண்மூடுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்து உழைத்திருந்தான். "நல்லாயிருக்கு" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மூன்றாவது பாட்டில் கிழவரின் சிரிப்பு நின்றது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"இதை யாருப்பா எழுதினது?"

"நீங்கதான் ஐயா."

"கிண்டல் பண்ணாதே. எனக்கு விசிலடிக்கக்கூட வராது."

சைலஸ் உறையிலிருந்த பழைய படத்தைக் காட்டினான். அதிலிருந்த தன் இளவயது முகத்தை, யாரோ ஒருவனுடையதைப் போல, அவர் விரலால் மெல்லத் தடவினார்.

"சின்னப் பையன். இப்படி எழுதுறவன் ரொம்ப நாள் தாங்கமாட்டான். கூட யாராவது இருக்காங்களா?"

கிழவர் மேசைமேல் இருந்த சைலஸின் தொப்பியை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"என்கூட உக்காந்து என்ன செய்யப்போறே? இவன் எங்கே இருக்கான்னு தேடிப் போ தம்பி. இன்னிக்கு ராத்திரி மட்டுமாவது இவனைத் தனியா விட்டுடாதே."